ஆட்டுப்பட்டிக்கு ஒரு நாய்: வளர்ப்பு, ஆபத்து, சட்டம்

காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம், சென்னிமலைப் பக்கத்து ஆடு வளர்ப்போர் சில ஆண்டுகளாகவே கலக்கத்தோடுதான் விடியலைப் பார்க்கிறார்கள். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் செம்மறிகளைப் பட்டியில் அடைத்துவிட்டு இரவு வீடு திரும்புவது அங்கே தலைமுறைப் பழக்கம். அப்படி விட்டுவந்த பட்டிக்குள் இப்போது நாய்கள் கூட்டமாக நுழைகின்றன. தின்பது ஒன்றோ இரண்டோதான். மிரண்டு ஓடுகிற ஆடுகளையெல்லாம் துரத்தித் துரத்திக் குதறிப் போட்டுவிட்டுப் போகின்றன. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் மறியலில் உட்கார்ந்த பிறகுதான் அவர்களின் இழப்பு கோட்டைவரை எட்டியது.

நாயிடமிருந்து காக்க நாயையே வளர்ப்பது பழைய வழி, நல்ல வழி. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை மாற்றிப் போகும் இடமெல்லாம் நாட்டு நாய்களும் கூடவே நடக்கின்றன. இமாசலப் பிரதேசத்துக் கத்தி (Gaddi) இன இடையர்கள், சிறுத்தை கவ்வாதபடி முள் வைத்த இரும்புப் பட்டையை நாயின் கழுத்தில் பூட்டி மலையேறுகிறார்கள். அந்தக் கத்தி நாய், 2025இல் நாட்டின் பதிவுபெற்ற இனங்களில் ஒன்றாயிற்று. நமீபியாவில் 1994 முதல் துருக்கிய அனடோலிய நாய்களை ஆடு வளர்ப்போருக்குக் கொடுத்து வருகிறார்கள். ஆடு தப்புகிறது. சிவிங்கிப்புலியைச் சுட்டுத்தள்ளும் தேவையும் குறைகிறது. ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் ஊரையொட்டிய சிறு தீவில் நரிகளால் அழிந்துகொண்டிருந்த குட்டிப் பென்குவின்களை, 2006 முதல் இத்தாலிய மரெம்மா நாய்கள் காத்தன. அந்த யோசனையைச் சொன்னவர், தன் கோழிகளை அதே இன நாயை வைத்துக் காத்துவந்த ஒரு கோழிப் பண்ணையாளர்.

இந்த நாய்கள் எதிரியோடு சண்டை போட்டு வெல்வதால் மட்டும் பட்டியைக் காப்பதில்லை. சுற்றிவந்து சிறுநீர் கழித்து எல்லை வகுப்பதும், சிறு அசைவுக்கும் குரைப்பதும், மந்தைக்கும் வருகிறவற்றுக்கும் நடுவில் போய் நிற்பதுமே அவற்றின் வேலையில் பெரும்பகுதி. நரியும் தெருநாயும் எளிதான இரையைத் தேடி வருகின்றன. எதிர்த்து நிற்க ஒருவர் இருக்கிற இடத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும். வாசலில் சங்கிலியில் கிடக்கும் நாயால் இதில் எதையும் செய்ய முடியாது. கொல்லையில் ஆடு கதறும்போது அதனால் குரைக்க மட்டுமே முடியும்.

எந்த நாயை வாங்குவது என்பதில் நம்மூரில் ஒரு தடுமாற்றம் உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் அழகான, விசுவாசமான நாய்கள். ஆனால் முயலை விரட்டிப் பிடிக்கவென்றே வளர்த்தெடுத்த இனங்கள் அவை. சிறகடித்து ஓடும் கோழியைக் கண்டால் கால் தானாகக் கிளம்பிவிடும். ராஜபாளையமும் வேட்டை வழி வந்ததே. கோம்பை காவலுக்குப் பெயர் பெற்றது, ஆனால் முரட்டுக் குணம் உண்டு. அனுபவமில்லாதவர் கையில் சிக்கல் தரும். என் கருத்தைக் கேட்டால், பட்டியிலேயே பிறந்து, பட்டியிலேயே வேலை செய்யும் தாய் ஈன்ற நாட்டு நாய்க்குட்டியைத்தான் சிறு விவசாயி தேட வேண்டும். வெளிநாட்டுச் சடை நாய்களுக்குக் கொங்குச் சீமை வெயில் தண்டனை.

குட்டியை இரண்டு மாத வயதில் கொண்டுவந்து, அன்றிலிருந்தே ஆடு கோழிகளின் பக்கத்தில் வளர்க்க வேண்டும். பட்டிக்குள் ஒரு மூலையைத் தடுத்து, ஆடு மோப்பம் பிடிக்கவும் நாய் பார்க்கவும் முடிகிற மாதிரி விடுவது நல்லது. இரண்டு முதல் நான்கு மாதம் வரை அது யாரோடு பழகுகிறதோ, அவற்றையே தன் கூட்டமாகக் கருதும். அந்த நாட்களில் வீட்டுப் பிள்ளைகளோடு மட்டுமே விளையாடி வளர்ந்த குட்டி, பின்னால் பட்டியில் தங்காமல் திண்ணைக்கே ஓடிவரும். ஆறு மாதம் தாண்டியதும் ஒரு குறும்புப் பருவம் வருகிறது. விளையாட்டாகக் கோழியைத் துரத்தும், குட்டியாட்டின் காதைக் கடிக்கும். பலர் இந்தக் கட்டத்தில் அடித்து விரட்டிவிடுகிறார்கள், அல்லது கோழி ருசி கண்டுவிட்டது என்று கைவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஆள் இல்லாத நேரத்தில் தடுப்புக்குள் வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் நீளக் கயிற்றோடு விட்டு, துரத்தத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே அதட்டி நிறுத்த வேண்டும். ஒன்றரை, இரண்டு வயது ஆகும்வரை இரவில் கோழிகளோடு தனியே விட்டு நம்பக் கூடாது. தீனியை ஆடுகள் எட்டாத இடத்தில் தனியே வைத்தால், தட்டுக்காக ஆட்டைக் கடிக்கும் பழக்கம் வராது.

ஒற்றை நாய், ஐந்தாறு நாய்களின் கூட்டத்தைத் தாங்காது. முடிந்தால் இரண்டு வேண்டும். இரண்டும் கருத்தடை செய்தவையாக இருக்க வேண்டும். பருவத்துக்கு வந்த பெட்டை நாய் பட்டியில் இருந்தால், சுற்று வட்டார ஆண் நாய்கள் அத்தனையும் நம் வேலியோரம் வந்து நிற்கும். காவலுக்கு வைத்த நாயே ஆபத்தை அழைத்துவரும். நாய் இருந்தாலும் கம்பிவலை வேலியும், கோழிகளுக்கு இரவில் மூடிய கூண்டும் தேவைதான். வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது மட்டும் ஒருபோதும் கூடாது. அது சட்டவிரோதம், மனித உயிரையும் வாங்கியிருக்கிறது.

காவல் நாய் வைத்திருப்போர் அதிகம் அறியாத ஆபத்து நாடாப்புழு. ஆடு அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி தெரிந்தால் அதை நாய்க்கு வீசுவது ஊர்வழக்கம். அந்தக் கட்டிக்குள் நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கிறது. நாயின் குடலில் அது புழுவாகி, முட்டைகள் அதன் மலம் வழியே மேய்ச்சல் நிலத்துக்கும், நாயைத் தடவும் கைக்கும் வருகின்றன. ஆட்டுக்கு மட்டுமல்ல, மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளர்கிறது. இன்னொரு வகைப் புழு ஆட்டின் மூளைக்குள் கட்டியாகி, ஆட்டை ஒரே பக்கமாக வட்டமடிக்க வைத்துக் கொன்றுவிடும். எனவே பச்சைக் குடலும் ஈரலும் நுரையீரலும் மூளையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. செத்த ஆட்டையும் கோழியையும் ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிராசிகுவாண்டல் கலந்த குடற்புழு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு நாய்க்குக் கொடுக்க வேண்டும்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, பிறகு ஆண்டுதோறும். தெருநாய்க் கூட்டத்தோடு மோதுவதே வேலையான நாய்க்கு இதில் தவணை தவறவே கூடாது. கடிபட்டுப் பிழைத்த ஆடுமாடுகளுக்கும் தடுப்பூசி உண்டு. அதே நாளிலும் தொடர்ந்து 3, 7, 14, 28ஆம் நாட்களிலும் போடுவது வழக்கம். கடிபட்ட ஆடோ மாடோ சில வாரம் கழித்து எச்சில் ஒழுக்கினால், தொண்டையில் ஏதோ சிக்கியது என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள். வெறிநோயின் அறிகுறியாக அது இருக்கலாம். மனிதரைக் கடித்தாலோ, கீறல் மேல் எச்சில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். தோல் கிழிந்த கடி என்றால் காயத்துக்குள்ளேயே போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும் என்று கேட்டுப் பெறுங்கள். அறிகுறி தோன்றிய பிறகு இந்நோய்க்கு அநேகமாக மீட்சியே இல்லை.

சட்டம் இரு பக்கமும் பேசுகிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சியின் கடமை. வளர்ப்பு நாய்க்கு அவற்றைச் செய்வது வளர்ப்பவரின் கடமை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், ஊசிபோட்டு மீண்டும் விடும் முறையை ஏற்று, வெறிநோய் தாக்கியவற்றையும் மூர்க்கமானவற்றையும் திரும்ப விடக் கூடாது என்றது. ஆகவே ஆடு கடிக்கும் கூட்டத்தைப் பற்றி ஊராட்சிக்கு எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குவது உங்கள் உரிமை. வெள்ளாமைக் காட்டுக்குள் அவிழ்த்துவிட்ட ஊர்க்காரர் வீட்டு நாயே கடித்தது என்றால், அவர்மேல் புகார் கொடுக்கலாம். அதே அளவுகோல் உங்களுக்கும் உண்டு. உங்கள் பட்டி நாயால் ஆபத்து நேராதபடி போதிய கவனம் எடுக்கவில்லை என்றால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதச் சிறைவரை சொல்கிறது. வழித்தடம் போகும் பக்கம் வேலியை அடைத்து, எச்சரிக்கைப் பலகை வையுங்கள். நாளெல்லாம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கோபத்தில் சிலர் செத்த ஆட்டின் மேல் குருணை மருந்தைத் தூவி வைக்கிறார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனால் அதைத் தின்று முதலில் சாவது பெரும்பாலும் சொந்த நாயும் பக்கத்துத் தோட்டத்து நாயும்தான். மயிலும் பருந்தும் சேர்ந்து சாகும். நாயை விஷம் வைத்துக் கொன்றால் அதே நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டுச் சிறைவரை உண்டு. மயில் செத்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பாயும். கோழி பிடிக்கும் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் கண்ணி வைப்பதும் அந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றமே.

இழப்பீட்டுக்கு வருவோம். தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கு, 2025இல் தமிழக அரசு மாட்டுக்கு 37,500 ரூபாயும், ஆட்டுக்கு 6,000 ரூபாயும், கோழிக்கு 200 ரூபாயும் என்று தொகை வகுத்தது. வளர்ந்த ஆட்டின் சந்தை விலைக்கு இது ஈடாகாது, உயர்த்தக் கேட்பது நியாயம். ஆனால் கிடைப்பதையும் பலர் இழப்பது, விடிந்ததும் ஆடுகளைப் புதைத்துவிடுவதால். புதைக்கும் முன்பே கடித்தடம் தெரியப் படம் எடுங்கள், கிராம நிர்வாக அலுவலரை அழைத்துக் காட்டுங்கள், அரசு கால்நடை மருத்துவரிடம் உடற்கூறு ஆய்வுச் சான்று வாங்குங்கள். காப்பீடு வேறு கணக்கு. தேசிய கால்நடை இயக்கத்தின் திட்டத்தில் 2024 முதல் பிரீமியத்தில் விவசாயியின் பங்கு 15 சதவீதம்தான். ஆட்டின் காதில் அடையாளத் தோடு இல்லையென்றால் காப்பீட்டுத் தொகை வராது. தோடு விழுந்தால் உடனே சொல்லி மாற்ற வேண்டும். கடிபட்டு உயிரோடு கிடக்கும் ஆட்டுக்குக் கால்நடை ஆம்புலன்ஸை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். ஊராட்சியில் மனு நகரவில்லை என்றால், ஒப்புகைச் சீட்டோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள், பாதிக்கப்பட்ட பக்கத்துத் தோட்டத்தாரையும் கூட்டிக்கொண்டு.