சிகிச்சை இலவசம்; பயணம்?

காலையில் எழுந்ததும் தலைவலி; தொடர்ந்து வாந்தி. வாந்தி எடுத்த பிறகு சற்றே நிம்மதி. பத்து மணிக்கெல்லாம் குழந்தை விளையாடப் போய்விடுகிறது. எடப்பாடியில் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் வீட்டில் இது நிகழ்ந்தால் என்ன நினைப்பார்கள்? பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறது என்பார்கள், பித்தம் என்பார்கள், மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவார்கள். சில வாரங்கள் கழித்து, கண்ணாடி போட வேண்டுமோ என்று கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வார்கள். இவற்றில் எதுவும் தவறான ஊகமன்று. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே சரியாகவும் இருக்கும். மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் அது மூளைக் கட்டியின் முதல் அறிகுறி.

குழந்தைப் பருவப் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுபவை மூளை, மைய நரம்பு மண்டலக் கட்டிகள். குழந்தைகளுக்கு இவற்றில் பலவும் தலையின் பின்பகுதியில், சிறுமூளையை ஒட்டித் தோன்றுகின்றன. மூளைக்குள்ளும் அதைச் சுற்றியும் ஓடும் நீரின் பாதையைக் கட்டி அடைத்துவிடும்போது தலைக்குள் அழுத்தம் கூடுகிறது. இரவு முழுவதும் படுத்திருந்து எழும் வேளையில் அந்த அழுத்தம் மிகுதியாக இருப்பதால்தான் காலைத் தலைவலியும் வாந்தியும். அடுத்து நடை தள்ளாடும்; மாறுகண் தோன்றும்; பார்வை மங்கும். மேலும் தாமதித்தால் பார்வை நிரந்தரமாகப் பறிபோகலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆனால் இது கைவிட வேண்டிய நோயன்று. சிறுமூளையில் மெதுவாக வளரும் ஒருவகைக் கட்டியை முழுமையாக அகற்றிவிட்டால், பெரும்பாலான குழந்தைகளுக்கு வேறு சிகிச்சையே தேவைப்படுவதில்லை. வீரியம் மிக்க கட்டிகளிலும், அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சும் மருந்தும் உரிய காலத்தில் கிடைத்தால் குணமடைவோர் பலர். உயர் வருமான நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் குணமடைகின்றனர். குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவானோரே பிழைக்கின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணங்கள் தாமதமாகக் கண்டறிவதும், சிகிச்சையை எட்ட முடியாததும், பாதியில் நிறுத்துவதும்தான்.

திறமைக்குத் தமிழகத்தில் பஞ்சமில்லை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அத்துறையை உருவாக்கினார். பணத் தடையையும் அரசு பெருமளவு நீக்கியிருக்கிறது. 2009-இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம் இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கிறது. இது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அத்திட்டத்தின் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதாவது மாதத்துக்கு 10,000 ரூபாய். கட்டியை அகற்றிய பின் தேவைப்படும் கதிர்வீச்சு மட்டுமே, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஆறு வாரங்கள் நீளக்கூடும். பரிசோதனை, அறுவை சிகிச்சை, ஓய்வு எல்லாம் சேர்ந்தால் இரண்டு மாதங்கள் வெளியூரில் தங்க நேரும். தாயும் தந்தையும் உடனிருந்தால் 20,000 ரூபாய் வருமானம் நின்றுபோகிறது. வாடகை, சாப்பாடு, பேருந்துக் கட்டணம் தனி. தறி உரிமையாளரிடம் வாங்கிய முன்பணமும், மகளிர் குழுக் கடனின் வாரத் தவணையும் இவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் அதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியும் உண்டு. இவற்றில் எதையும் காப்பீடு ஈடுகட்டுவதில்லை. எடப்பாடியிலிருந்து சேலம் ஏறத்தாழ 45 கி.மீ.; சேலத்திலிருந்து வேலூர் 200 கி.மீ.க்கும் மேல், சென்னை ஏறத்தாழ 340 கி.மீ. ஏழைக்குத் தொலைவும் ஒரு விலைதான்.

அப்படியானால் ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகளுக்கான மூளைக் கட்டி அறுவை சிகிச்சை மையம் கேட்கலாமா? கேட்கத் தோன்றும், ஆனால் அது சரியான கோரிக்கையன்று. 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்ட மக்கள்தொகை 34.8 லட்சம். உலக அளவில் காணப்படும் விகிதங்களைக் கொண்டு பார்த்தால், இங்கு ஆண்டுக்குச் சில பத்துக் குழந்தைகளுக்கே இந்நோய் வரக்கூடும். இத்தகைய அறுவை சிகிச்சையை அடிக்கடி செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு குறைவு என்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே நாட்டில், அத்தகைய மருத்துவமனைகளை அடைவதில் இனமும் குடும்ப வருமானமும் குறுக்கே நிற்பதையும் ஆய்வுகள் சுட்டிக்காட்டியுள்ளன. ஆகவே கத்தி பிடிக்கும் கைகள் ஓரிடத்தில் குவியட்டும். அங்கு செல்லும் பாதை ஒவ்வோர் ஊரிலிருந்தும் தொடங்கட்டும்.

அந்தப் பாதைக்கு மூன்று படிகள் தேவை. முதலாவது, விரைவாகக் கண்டறிதல். பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய 'ஹெட்ஸ்மார்ட்' என்னும் விழிப்புணர்வு இயக்கத்துக்குப் பின், நோயைக் கண்டறிய ஆகும் காலம் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரும் வாந்தி, நான்கு வாரங்களுக்கு மேல் தொடரும் தலைவலி, புதிதாகத் தோன்றும் மாறுகண், தள்ளாட்டம் ஆகியவற்றை நம் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கண் பரிசோதகர்களும் அறிந்திருக்க வேண்டும். 2013 முதல் பள்ளிகளுக்குச் செல்லும் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் திட்ட மருத்துவக் குழுக்களின் பணியில் இதையும் சேர்க்கலாம்.

இரண்டாவது, உறுதியான பரிந்துரை வழி. சந்தேகம் எழுந்த வாரத்திலேயே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கப்பட வேண்டும். படங்கள் அன்றே உயர் மையத்துக்கு அனுப்பப்பட்டு, படுக்கையும் தேதியும் உறுதியான பிறகே குடும்பம் பேருந்து ஏற வேண்டும். தலைக்குள் அழுத்தம் கடுமையாக இருந்தால், நீரை வடித்து உயிரைக் காக்கும் அவசர சிகிச்சை சேலத்திலேயே நடைபெற வேண்டும்.

மூன்றாவது, இழந்த கூலிக்கு ஈடு. இது புதிய தத்துவமன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 18,000 ரூபாய் வழங்குவது, கூலி இழப்பும் மருத்துவச் செலவே என்பதை ஏற்றுக்கொண்டதால்தான். காசநோயாளிகளுக்கும் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் தரப்படுகிறது. ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு 50 குழந்தைகள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50,000 ரூபாய் கொடுத்தாலும் செலவு 25 லட்சம் ரூபாய்தான். உயர் மையங்களுக்கு அருகே இலவசத் தங்குமிடமும் வேண்டும்.

மருத்துவ வசதி, அது மிகவும் தேவைப்படுவோருக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பதை 1971-இல் பிரிட்டன் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று வரையறுத்தார். அது இயற்கையின் விதியன்று; மனிதர் வகுத்த ஏற்பாடுகளின் விளைவு. ஏற்பாட்டை மாற்றினால் விளைவும் மாறும். எடப்பாடிக் குழந்தையின் காலைத் தலைவலி, சென்னைக் குழந்தையின் தலைவலியைப் போலவே அதே வாரத்தில் மருத்துவரின் கவனத்துக்கு வர வேண்டும். அரசு அதற்கான முதல் அடியைச் சேலத்திலிருந்தே எடுத்து வைக்கலாம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).