ஒரே குளத்தில் மூன்று பந்தி!

‘ஏக்கருக்கு நாலாயிரம் குஞ்சு விட்டோம். பத்து மாதம் கழித்து வலை போட்டால், வந்ததெல்லாம் கையகல ஜிலேபி மீன்’ - மீன் வளர்க்கும் ஊர்களில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. தீவனம் சரியில்லையா, தண்ணீர் கெட்டுவிட்டதா என்று தேடுவார்கள். பந்தியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு.

கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும். மிர்கால் அடிச்சேற்றைக் கிளறும். ஒன்றின் இலையில் மற்றொன்று அதிகம் கை வைப்பதில்லை. கூட்டுமீன் வளர்ப்பே இந்தப் பாகப்பிரிவினையை நம்பித்தான் நடக்கிறது. நூறு குஞ்சுக்கு கட்லா 40, ரோகு 30, மிர்கால் 30 என்ற கணக்கும் அதனால் வந்ததுதான்.

ஒரே மட்டத்தில் இரண்டு மீன் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இமாச்சலப் பிரதேசத்தின் கோவிந்தசாகர் நீர்த்தேக்கத்தில் அது நடந்தது. 1971-ல் வெள்ளத்தில் ஒரு மீன் பண்ணையிலிருந்து வெள்ளிக்கெண்டைகள் தப்பி உள்ளே போயின. இதுவும் மேல்மட்டத்து மீன். தண்ணீரைச் சலித்து உண்ணும். சட்லெஜின் குளிர்ந்த நீர் அதற்கு ஒத்துப்போனது. சில ஆண்டுகளில் வலையெல்லாம் வெள்ளிக்கெண்டை; கட்லா அருகிப்போனது. யாரும் யாரையும் கடிக்கவில்லை, சாப்பாடு கைமாறிவிட்டது, அவ்வளவுதான். குளத்தில் வெள்ளிக்கெண்டையும் விட நினைப்பவர்கள், அந்த எண்ணிக்கையை கட்லாவின் 40-லிருந்தே கழித்துக்கொள்ள வேண்டும். மேலே கூட்டினால் இரண்டுமே இளைக்கும்.

ஜிலேபியின் கதை வேறு. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீனுக்கு மட்டம் கிட்டம் எதுவும் கிடையாது. பாசி, புழு, கெண்டைக்குப் போட்ட தவிடு எல்லாம் உள்ளே போகும். மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, முட்டைகளை வாய்க்குள் வைத்தே அடைகாக்கும். கூட்டம் பெருகியதும் கெண்டையும் வளராது, ஜிலேபியும் வளராது. செலவழித்த தீவனம் விலைபோகாத பொடிமீனாகத் திரும்பும்.

குஞ்சு விடும் முன்பே இதைத் தடுப்பதுதான் மலிவு. தண்ணீரை வடித்து, அடிமண் வெடிக்கும்வரை குளத்தைக் காயவிட வேண்டும். வடிக்க முடியாத குளத்தில், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஏக்கருக்கு சுமார் 1,000 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போட்டால் பழைய மீன்கள் மடியும். அதன் நஞ்சு தணிய மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பிறகு அதுவே உரமாகிவிடும். இவ்வளவு செய்தும் வாய்க்கால் மடையில் நெருக்கமான கண்ணுள்ள நைலான் வலை கட்டாவிட்டால், அடுத்த தண்ணீர் பாய்ச்சலிலேயே ஜிலேபிக் குஞ்சு உள்ளே வந்துவிடும்.