பைக் பராமரிப்பு – 17: ஆயிலில் முங்கிய கிளட்ச்

செயின் தொய்வு போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் கிளட்ச் கேபிள் மாற்றுவது என்று வாக்கு. கேபிள் கொஞ்சம் காத்திருக்கட்டும். ஆயில் கதை ஒன்று முந்திக்கொண்டது.

மேனுவல் கியர் கார்களில் பெரும்பாலும் கிளட்ச் காய்ந்த இடத்தில் இருக்கும், இன்ஜின் ஆயில் அதைத் தொடாது. ஸ்ப்ளெண்டர், பல்சர் வகையறாவில் உராய்வுத் தகடும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கப்பட்டு, இன்ஜினுக்குள் ஓடும் அதே ஆயிலில் முங்கிக் கிடக்கின்றன. ஆயில் ஊற்றுவதே வழுக்கத்தான். அதற்குள் உட்கார்ந்துகொண்டு கிளட்ச் வழுக்காமல் பிடிக்க வேண்டும்!

1990களில் இது வம்பாகிவிட்டது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க, கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் ரசாயனங்கள் கூடின. காருக்கு லாபம். அதே ஆயிலை ஊற்றிய பைக்குகளில் கிளட்ச் ஸ்லிப். 1998-ல் ஜப்பானில் ‘ஜாசோ டி 903’ தரநிர்ணயம் பிறந்தது. ஆயிலுக்குள் கிளட்ச் தகடுகளைச் சுழற்றி, பிடிமானத்தை அளந்தார்கள். நன்றாகப் பிடித்தால் எம்ஏ, உராய்வு குறைந்தால் எம்பி. 2006-ல் எம்ஏவையே எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். இரண்டாவதில் பிடிமானம் அதிகம். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்களில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் எம்பி போதும். ஸ்கூட்டருக்கு வாங்கிய எம்பி ஆயிலில் அரை டப்பா மிச்சம் என்று பைக்கில் ஊற்றுவது சிக்கனமல்ல, தண்டச் செலவு.

கிளட்ச் லீவரே வேண்டாம் என்று ஒதுக்கிய வண்டியும் உண்டு. 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப். ஒரு கையில் சோபா நூடுல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டும் கடைப் பையனுக்கும் தோதாக இருக்க வேண்டும் என்பது சோய்ச்சிரோ ஹோண்டாவின் கணக்கு. 2017-ல் அதன் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது.

சரி, வீட்டு வேலை. இன்ஜின் ஆறியிருக்கும்போது லீவரின் நுனியை விரலால் மெல்ல இழுத்தால், கேபிள் இறுகுமுன் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். அதுதான் பிளே. 100–150 சிசி பைக்குகள் பலவற்றில் 10 முதல் 20 மில்லிமீட்டர்; வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவே இறுதி. பிளே துளியும் இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாகவே பிடிக்கும்: ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, தகடு கருகும். கூடிப்போனால் சிக்னலில் நியூட்ரல் விழாது.

லீவர் பக்கத்து ரப்பர் உறையைத் தள்ளி, லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை வெளியே திருகினால் பிளே குறையும். உள்ளே திருகினால் கூடும். மரை முக்கால்வாசி வெளியே வந்துவிட்டால் அங்கே நிறுத்திவிட்டு, அதை முழுக்க உள்ளே திருகி, கீழே இன்ஜின் பக்கத்து நட்டில் சரிசெய்ய வேண்டும். முடித்ததும் ஒன்று பாக்கி: லாக் நட், அட்ஜஸ்டர், பிராக்கெட் மூன்றிலும் உள்ள வெட்டுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கக் கூடாது. நின்றால் அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கும், கேபிளும் கழன்று வரும்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்லிப் நிற்கவில்லையா? சந்தேகம் தகடு, ஸ்பிரிங், ஆயில் மூன்றின் மேல்தான். இழை பிரிந்த கேபிளை மாற்றுவது அடுத்த வாரம், இம்முறை நிச்சயம். அதற்குள் ஆயில் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, எம்ஏவா எம்பியா என்று பார்த்துவிடுங்கள்.