மலைதான் கியர் போட வைத்தது

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கிறது மேன் தீவு. அதன் வடக்கே ராம்சி என்றொரு துறைமுக ஊர். ஊர் எல்லை தாண்டியதும் சாலை ஒரு கொண்டை ஊசி வளைவில் மடங்கி, ஸ்நேஃபெல் மலையின் தோளில் ஏறத் தொடங்கும். பிரான்ஸில் நடக்கவிருந்த ஒரு சர்வதேசப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்க, 1905 மே மாதக் கடைசியில் சில மோட்டார் சைக்கிள்காரர்கள் அங்கே கூடினார்கள். கார்களுக்கு வகுத்த மலைப்பாதையிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் எண்ணம். அன்றைய வண்டிகளால் ராம்சி ஏற்றத்தை ஏற முடியாது என்று தெரிந்தது. மலையை விட்டுவிட்டு, தீவின் தெற்கே சுற்றிவரும் வேறு பாதையில் தேர்வை நடத்தி முடித்தார்கள்.

ஆறே வருடம். 1911-ல் அந்த மலையையும் சேர்த்துச் சுற்றும் பாதையில் ஐந்து சுற்று ஓடி, மணிக்கு சுமார் 77 கிலோமீட்டர் சராசரியில் ஒருவர் ஜெயித்தார். ஏற்காட்டு ஏற்றத்தில் வண்டி திணறும்போது யோசிக்காமல் கியரைக் குறைக்கிறோம். அந்தப் பழக்கம் உலகத்துக்கு வந்த கதையில் பெரும்பகுதி அந்த ஆறு வருடத்துக்குள் இருக்கிறது. விஞ்ஞானக் கூடத்தில் உட்கார்ந்து யாரும் அதைச் செய்துவிடவில்லை. ஒரு கிளப்பும், ஒரு மலையும், பிடிவாதக்காரர்கள் சிலரும் சேர்ந்து செய்தார்கள்.

மேன் தீவுக்கு ஏன் போனார்கள்? இங்கிலாந்தில் சட்டம் விடவில்லை. 1903-ன் மோட்டார் வாகனச் சட்டம் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்றது. 20 மைல் என்றால் 32 கிலோமீட்டர். பந்தயத்துக்காகப் பொதுச் சாலையை மூடவும் வழியில்லை. மேன் தீவு பிரிட்டிஷ் அரசருக்குக் கட்டுப்பட்டது என்றாலும், டின்வால்ட் என்ற சொந்த நாடாளுமன்றம் அதற்கு உண்டு. 1904-ல் அவர்கள் தனிச் சட்டம் போட்டு, பந்தய நாளில் சாலையை மூட அனுமதி கொடுத்தார்கள். கவர்னர் ராக்லன் பிரபு ஆதரவாக இருந்தார். பிரிட்டிஷ் மோட்டார் சங்கத்தின் செயலாளர் அவருக்கு உறவினர் என்பதும் உதவியிருக்கும்.

1906-ல் அந்தச் சர்வதேசக் கோப்பைப் போட்டி ஆஸ்திரியாவில் நடந்தது. வண்டியின் எடை 50 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. விளைவு, பெரிய இன்ஜினை நோஞ்சான் ஃபிரேமில் மாட்டி ஓடவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் உதிரிபாகம் ஏற்றிய சைடுகார்களைப் பாதை நெடுக அனுப்பி உதவினார்கள் என்ற புகார் வேறு. மனம் கசந்து திரும்பிய ரயிலில் நான்கு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். லண்டனில் மேட்ச்லெஸ் வண்டிகளைத் தயாரித்த காலியர் குடும்பத்து அண்ணன் தம்பி ஹாரியும் சார்லியும், ஆட்டோ-சைக்கிள் கிளப்பின் செயலாளர் ஃப்ரெடி ஸ்ட்ரெய்ட், பிரெஞ்சுப் பிரபு மார்க்கி த முஸில்லி சென்மார். சாதாரண மனிதர் காசு கொடுத்து வாங்கி ஊருக்கு ஓட்டிப் போகும் வண்டிகளுக்கே ஒரு பந்தயம் வைத்தால் என்ன? கோப்பையைத் தானே தருவதாகப் பிரபு சொன்னார். சிறகு முளைத்த சக்கரத்தின் மேல் நிற்கும் மெர்க்குரி தேவனின் அந்த வெள்ளிச் சிலைதான் இன்றும் சீனியர் டிடி வெற்றியாளருக்குப் போகிறது. டிடி என்றால் டூரிஸ்ட் ட்ரோஃபி. பயண வண்டிகளுக்கான கோப்பை.

அதற்குப் போட்ட விதிகளைப் படிக்கும்போது நம் ஊர்க்காரருக்குச் சிரிப்பு வரும், மரியாதையும் வரும். பந்தயத்தில் மைலேஜ் பார்த்தார்கள்! ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு 90 மைலுக்கு ஒரு கேலன் பெட்ரோல், இரட்டை சிலிண்டருக்கு 75 மைலுக்கு ஒரு கேலன். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 32, 27 கிலோமீட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. சைலன்சர், மட்கார்டு, ஒழுங்கான சீட், டூல்ஸ் எல்லாம் வண்டியில் இருக்க வேண்டும். பாதி வழியில் பத்து நிமிடம் கட்டாய ஓய்வு. ஒரு பந்தயத்தை இவ்வளவு நேர்மையாக வகுத்தது மோட்டார் வரலாற்றில் அபூர்வம் என்பது என் எண்ணம்.

1907 மே 28 காலை பத்து மணி. செயின்ட் ஜான்ஸ் கிராமத்தில் டின்வால்ட் மேட்டின் பக்கத்தில் 25 பேர் நின்றார்கள். இரண்டிரண்டு பேராகக் கிளப்பினார்கள். 25 கிலோமீட்டர் சுற்று, பத்து முறை. உயரமான மலைமேல் போகத் துணியவில்லை, மேற்குப் பக்கத்துக் குன்றுகளையே சுற்றினார்கள். அதிலும் க்ரெக் வில்லீஸ் என்ற ஏற்றம் பலருக்கு எமனாக இருந்தது. அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு பெல்ட், அவ்வளவுதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, இன்ஜின் பிடித்ததும் எகிறி உட்கார வேண்டும். நிறுத்தினால் மறுபடி தள்ளல். ஏற்றம் வந்தால் பெடலை மிதித்து இன்ஜினுக்குக் கைகொடுக்க வேண்டும், காலால் கொடுக்க வேண்டும் என்பதே சரி. மழையில் பெல்ட் வழுக்கும், வெயிலில் தளரும், இழுவை தாங்காமல் அறுந்தும் போகும். ஓட்டிக்கொண்டே அவ்வப்போது கைப்பம்பை அழுத்தி இன்ஜினுக்கு ஆயிலும் விட வேண்டும்.

சாலை தார் காணாதது. முன்னால் போகிறவன் கிளப்பிய புழுதி பின்னால் வருகிறவன் கண்ணை மறைக்கும். புழுதி அடங்கட்டும் என்று அமிலக் கலவை ஒன்றைத் தெளித்தார்கள். அது தெறித்து ஓட்டுநர்களின் உடையில் ஓட்டை போட்டது. குதிரை லாட ஆணிகள் சாலையெங்கும் சிதறிக் கிடந்தன. பங்க்சர் ஆகாமல் பந்தயத்தை முடிப்பதே அதிர்ஷ்டம்.

ஒற்றை சிலிண்டர் பிரிவில் சார்லி காலியர் மணிக்கு 61 கிலோமீட்டர் சராசரியில் ஜெயித்தார். திறமையான, திட்டமிட்ட வெற்றி. என் மனதுக்கு நெருக்கமானவர் இரட்டை சிலிண்டர் பிரிவில் ஜெயித்த பர்மிங்காம்காரர் ரெம் ஃபவுலர். பெஜோ இன்ஜின் பொருத்திய நார்ட்டன் அவருடைய வண்டி. பதற்றம் தணியக் கிளம்பும் முன் ஒரு கிளாஸ் பிராந்தி குடித்தார். வழியில் பிளக் போனது, பெல்ட் தகராறு செய்தது, நின்று நின்று சரிசெய்தபடியே போனார். இத்தனைக்கும் நடுவில் அன்றைய மிக வேகமான சுற்றும் அவருடையதுதான், மணிக்கு 69 கிலோமீட்டர்.

கடலோரச் சாலையில் டெவில்ஸ் எல்போ என்றொரு வளைவு. அதை நெருங்கும்போது, கிட்டத்தட்ட முழு வேகத்தில், முன் டயர் வெடித்தது. விழுந்தார். எழுந்து உட்கார்ந்தவருக்குப் பந்தயத்தை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. அப்போது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், அரை மணி நேரம் நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள் என்று சொன்னாராம். தன் இடம் தனக்கே தெரியாத காலம் அது. ஸ்டாப்வாட்ச் காட்டும் பலகையோ காதில் குரலோ கிடையாது. ஃபவுலர் ரோட்டோரம் உட்கார்ந்து டயரைக் கழற்றி, டியூப் போட்டு, காற்றடித்து மாட்டினார். 22 நிமிடம் ஆனது. பிறகு தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி உட்கார்ந்து, போய் ஜெயித்தார்.

நார்ட்டன் என்ற பெயர் உலகுக்கு முதலில் ஒலித்தது அந்த நாளில்தான். 2020-ல் அந்த நிறுவனத்தை வாங்கியது ஓசூரில் வண்டி தயாரிக்கும் நம் டிவிஎஸ் மோட்டார். புழுதிச் சாலையில் ஃபவுலர் சம்பாதித்துக் கொடுத்த பெயரும் அந்த விலைக்குள் அடக்கம் என்றே நான் நினைக்கிறேன்.

1908-ல் பந்தயத்தில் பெடலுக்குத் தடை வந்தது. ஏற்றத்தில் மிதித்துத் தப்பிக்கும் வழி அடைபட்டது. 1911-ல் கிளப் இன்னும் ஒரு படி போனது. அப்போது அதன் பெயர் ஆட்டோ-சைக்கிள் யூனியன் என்று மாறியிருந்தது. பந்தயத்தை ஸ்நேஃபெல் மலைப்பாதைக்கே மாற்றினார்கள். சுற்றுக்கு 60 கிலோமீட்டர். கடல் மட்டத்தை ஒட்டிய ராம்சியிலிருந்து 400 மீட்டருக்கு மேல் ஏறி, மறுபக்கம் டக்ளஸ் நகருக்கு இறங்க வேண்டும். ஒரே கியரில் இது நடக்காது என்று வண்டி தயாரிப்பாளர்களுக்குத் தெரியும். முணுமுணுப்பும் எழுந்தது. கிளப் அசையவில்லை. இதில் கிளப் பக்கம்தான் நியாயம். வாங்கியவன் தன் ஊர் மேட்டில் இறங்கித் தள்ள வேண்டிய வண்டியை எப்படிப் பயண வண்டி என்பது?

அந்த மலைச்சாலை எப்படி இருந்தது என்று கொஞ்சம் கற்பனை செய்ய வேண்டும். ஆடு மேய்ப்பவர்களின் வண்டித்தடம், அவ்வளவுதான். இரண்டு சக்கரத்தடம், நடுவில் புல். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் சரளைக்கல். ஆடுகள் எல்லை தாண்டாதிருக்கக் குறுக்கே கேட்டுகள். இன்றும் கெப்பல் கேட் என்ற வளைவு அப்படிப்பட்ட ஒரு கேட்டின் பெயரைத்தான் சுமக்கிறது. அந்நாளில் பயிற்சி ஓட்டத்தின்போது சாலையை மூடுவதில்லை. விடிகாலையில் முதலில் போகிறவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிறவர் அது திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் வருவார். நடுவே பால்காரன் வண்டி வரலாம், ஆட்டுமந்தை நிற்கலாம், மலை உச்சியில் மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாமலும் போகலாம்.

1911-ல் பெரிய இன்ஜின் வண்டிகளுக்கான சீனியர் பந்தயத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு படை வந்து இறங்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கம்பெனி, பெயர் இந்தியன். சிவப்பு வண்டி. இரண்டு வேக கியர், கிளட்ச், பெல்ட்டுக்குப் பதில் செயின். பிரிட்டிஷ்காரர்கள் அக்கறையாகப் பெல்ட்டை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, இந்தியன் வண்டிகள் ராம்சி ஏற்றத்தில் கியரைக் குறைத்துக்கொண்டு ஏறிப் போயின. ஆலிவர் காட்ஃப்ரி முதலிடம், சார்லஸ் ஃபிராங்க்ளின் இரண்டு, ஆர்தர் மூர்ஹவுஸ் மூன்று. மூன்றும் இந்தியன். உண்மையில் இரண்டாவதாக வந்து சேர்ந்தவர் சார்லி காலியர். அனுமதியில்லாத இடத்தில் பெட்ரோல் நிரப்பினார் என்று அவரை விலக்கினார்கள். ஐந்து ஆண்டுக்கு முன் அந்த ரயிலில் உட்கார்ந்து பந்தயத்தை உருவாக்கிய மனிதர் அவர். தன் ஆள் என்று கிளப் அவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தத் தோல்வி பிரிட்டிஷ் கம்பெனிகளுக்குச் சுருக்கென்று தைத்தது. கியர் பெட்டியும் கிளட்சும் இனி ஆடம்பரம் இல்லை என்றானது. மறு ஆண்டு ஸ்காட் கம்பெனியின் டூ-ஸ்ட்ரோக் வண்டி ஜெயித்தது. இரண்டு வேக கியர் உண்டு, உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கரும் உண்டு. தள்ளிக்கொண்டு ஓடும் காலம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. கடைக்கு வந்து வண்டி கேட்டவர்கள் இதெல்லாம் இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

மலை வாங்கிய விலையையும் சொல்லியாக வேண்டும். 1911 ஜூன் 27 அன்று பயிற்சியில் கிளென் ஹெலன் அருகே ரட்ஜ் வண்டியில் வந்த விக்டர் சர்ரிட்ஜ் விழுந்து இறந்தார். அந்தப் பந்தயத்தின் முதல் சாவு. அன்று முதல் இன்றுவரை அந்தப் பாதை 250-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோய்விட்டது. வீரம் என்ற ஒரே சொல்லால் இதை மூடிவிடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

சாவுகள் சும்மா போகாமல் பார்த்துக்கொண்டவர் ஒருவர் உண்டு. டாக்டர் எரிக் கார்ட்னர், ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தின் மருத்துவர். தலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, கேன்வாஸ் துணியில் அரக்கு ஏற்றி ஒரு கெட்டித் தொப்பி செய்யவைத்தார். முதலில் வேண்டாம் என்ற யூனியன் பிறகு மனம் மாறி, 1914 டிடியில் எல்லோருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட தொப்பிகளோடு டாக்டரே தீவுக்குப் போனார். ஹெல்மெட் போடச் சொன்னால் இன்றும் முகம் சுளிக்கும் நாம், அதைப் பந்தயக்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டார்கள் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

அதே 1914 ஜூனியர் பந்தயத்தில் ராயல் என்ஃபீல்டு ஓட்டிய வாக்கர் முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். பங்க்சர் ஆனது, விழுந்தார், மறுபடி ஏறினார். மூன்றாவதாகக் கோட்டைக் கடந்த அவர் வேகம் குறையாமல் போய், அப்பாலிருந்த தடுப்பில் மோதினார். பிழைக்கவில்லை. 1956 முதல் திருவொற்றியூரில் தயாரான புல்லட்டை ஓட்டி வளர்ந்தவர்கள் அவர் பெயரையும் தெரிந்துகொள்ளலாம்.

போர் வந்தது, பந்தயம் நின்றது. காட்ஃப்ரி விமானப்படையில் சேர்ந்து 1916-ல் மாண்டார். 1920-ல் டிடி மறுபடி தொடங்கியபோது அது பெரிய கம்பெனிகளின் களமாகிக்கொண்டிருந்தது. சம்பளம் வாங்கும் ஓட்டுநர்கள், தொழிற்சாலை மெக்கானிக்குகள். சொந்த வண்டியில், சொந்தச் செலவில் வருகிறவனுக்கு இடம் எங்கே? தீவின் உள்ளூர் கிளப்காரர்கள் 1923 செப்டம்பரில் தொழில்முறை அல்லாதவர்களுக்கென்று தனிப் பந்தயம் தொடங்கினார்கள். 1930-ல் அதற்கு மேங்க்ஸ் கிராண்ட் பிரிக்ஸ் என்று பெயர் மாறியது. மலைப்பாதை இப்போது நல்ல தார்ச்சாலை, கேட்டுகள் போய்விட்டன. 2023-ல் பீட்டர் ஹிக்மேன் ஒரு சுற்றை மணிக்கு 219 கிலோமீட்டர் சராசரியில் முடித்தார். ஆனாலும் முதல்முறை வருகிற ஓட்டுநரை யாரும் தனியாக அந்தச் சாலையில் விடுவதில்லை. பாதை அறிந்த ஒருவர் முன்னால் மெதுவாகப் போக, அவர் பின்னால் ஒரு சுற்று போய், ஒவ்வொரு வளைவையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பிறகே அவரை வேகமாக ஓட்ட விடுகிறார்கள்.