1,920 பைட்டில் ஒரு நகரம்

1986-இல் அமெரிக்காவின் பாலி மிட்வே நிறுவனம் வெளியிட்ட ஆர்கேட் விளையாட்டு ‘ராம்பேஜ்’. வடிவமைத்தவர் பிரையன் கோலின், நிரல் எழுதியவர் ஜெஃப் நாமன். குரங்கு ஜார்ஜ், பல்லி லிஸ்ஸி, ஓநாய் ரால்ஃப் என மூன்று ராட்சதர்கள். மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். மூவருக்கும் நகரத்தை இடிப்பதே வேலை. இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் தொடங்கும் நாசம் 128 நாள் நீடித்து, அதே மாநிலத்தின் பிளேனோவில் முடிகிறது. இடையில் 43 அமெரிக்க மாநிலங்களும் 2 கனடிய மாகாணங்களும் அடிவாங்குகின்றன.

இத்தனை ஊர்களை இடிக்க எவ்வளவு நினைவகம் செலவானது என்று பார்த்தால்தான் இந்த விளையாட்டின் அருமை புரியும்.

இயந்திரத்தின் மூளை 5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 சில்லு. திரை 512×480, அதாவது 2,45,760 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 16 நிறங்களில் ஒன்று என்றால் அரை பைட் வேண்டும். முழுத் திரையையும் அப்படியே நினைவில் வைக்க 1,22,880 பைட் ஆகும். அந்த இயந்திரம் அப்படி வைக்கவில்லை. பின்னணியை 32×30 கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்தப் படம் என்ற எண்ணை மட்டும் 2 பைட்டில் குறித்துக்கொண்டது. 960 கட்டத்துக்கு 1,920 பைட். சரியாக 64-இல் ஒரு பங்கு.

5 கட்ட அகலமும் 10 கட்ட உயரமும் உள்ள மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். 50 கட்டம், 100 பைட். ஜன்னல் படத்தை ஒரு முறை வரைந்தால் போதும், எல்லா மாடிக்கும் அதுவே. ராட்சதன் கதை வேறு. அசையும் உருவங்கள் 32×32 பிக்சல் துண்டுகளால் ஆனவை. ஒரு துண்டுக்கே 512 பைட். குத்த, ஏற, தின்ன, விழ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் வேண்டும். ஜார்ஜின் ஒரு துண்டு உடம்புக்கான இடத்தில் ஐந்து கட்டடங்களின் வரைபடம் அடங்கிவிடும்.

இடிப்பு என்ற யோசனையே இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து பிறந்ததுதான். பின்னணியைச் செவ்வக வடிவில் மட்டுமே மாற்ற முடியும் என்று கண்ட கோலினுக்கு, செவ்வகம் என்றதும் சரியும் கட்டடம் தோன்றியது. இயந்திரத்தின் குறையையே கதையாக்கிய இந்த ஒரு முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இனி காசுக் கணக்கு. அடிபட்டு உயிர் தீர்ந்த ராட்சதன் சாதாரண மனிதனாகச் சுருங்கி, துணியில்லாமல் திரையின் ஓரமாக நழுவுவான். காசு போட்டால் மீண்டும் ராட்சதன். நாளுக்கு ஒரு 25 சென்ட் காசு என்று வைத்தால் 128 நாளுக்கு 32 டாலர், மூவருக்கு 96. அதோடும் முடியாது. சுற்று இன்னும் 5 முறை திரும்பி வரும். 768 நாள் ஆனபின் மறுபடி முதல் நாள். அதே கணக்கில் மூவருக்கும் 576 டாலர்.

1988-இல் டேட்டா ஈஸ்ட் வெளியிட்ட நின்டெண்டோ வடிவத்தில் ரால்ஃப் இல்லை. காரணத்தை எண்களில் தேடுகிறேன்: அந்தக் கருவி ஒரு கிடைவரியில் 8 பிக்சல் அகலத் துண்டுகள் எட்டைத்தான் காட்டும், மொத்தம் 64 பிக்சல். ராட்சதனுக்கு 24 பிக்சல் அகலம் கொடுத்தால் இருவருக்கு 48, மூவருக்கு 72. இது என் ஊகம்தான். ஆனால் அந்த வரம்பு இல்லாத அடாரி லிங்ஸ் கைக்கருவியில், வெறும் 160×102 திரையில், லாரி என்ற எலியும் சேர்ந்து நான்கு ராட்சதர்கள் வந்தார்கள்.

2018-இல் இதே பெயரில் ஹாலிவுட் படம் வந்தது. செலவு சுமார் 12 கோடி டாலர். அதில் கண்ணாடியும் கான்கிரீட்டும் துண்டு துண்டாகச் சிதறுகின்றன. பழைய விளையாட்டு கிடைத்தால் ஒரு முறை ஆடிப் பாருங்கள். கட்டடம் இறங்கும்போது அடியில் எழும் தூசியை விட்டுவிட்டு, பக்கவாட்டு விளிம்பைக் கவனியுங்கள்: கடைசிவரை அது நேர்கோடுதான்.