பேய் பங்களாவும் எரிந்த குடிசையும்

நினைவுச் சொற்பொழிவு என்பதே இறந்துபோன ஒருவரைச் சபைக்கு அழைப்பதுதான். அழைத்து, அவர் பாதியில் விட்டுச்சென்ற வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குக் கணக்கு ஒப்பிப்பதுதான். ஆகவே இறந்தவர்கள் திரும்பி வருவதைப் பற்றிய பேச்சுக்கு இந்த மேடை பொருத்தமானது என்று கருதினோம். உள்ளூர்ப் பேய்க் கதைகளையும் பாழடைந்த கட்டடங்களையும் தேடிப் போகும் எழுத்தாளர்கள், திரைப்பட இயக்குநர்கள், சிற்பிகள் எதைக் கண்டெடுக்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்பதே நமது பொருள்.

தொடங்கும் முன்பே ஒரு கேள்வி எழும். பகுத்தறிவு பேசுகிறவர்கள் பேயைப் பற்றிப் பேசலாமா? அந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்கவில்லை. பேய் பிடித்தவர்கள் என்று சொல்லி ஏர்வாடிக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் 2001 ஆகஸ்டில் தீயில் கருகி இறந்தார்கள். கட்டை அவிழ்க்க ஆளில்லாததால் அவர்களால் ஓட முடியவில்லை. பேய் நம்பிக்கை ஆள் கொல்லும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். நாம் பேயை நம்பச் சொல்லவில்லை. ஒரு ஊர் எதற்கு அஞ்சுகிறது, அந்த அச்சம் எந்த இடத்தில் நிற்கிறது, யாருடைய முகத்தோடு வருகிறது என்று கேட்கிறோம். இது சமூகவியலின் கேள்வி.

1. கொல்லப்பட்டவர் தெய்வமாகும் வழி

நம் ஊர்க் கணக்கில் எல்லாச் சாவும் பேயாவதில்லை. வாழ்ந்து முடித்துச் செத்தவருக்குக் கருமாதியோடு கணக்கு முடிகிறது. கொலையுண்டவர், தற்கொலைக்குத் தள்ளப்பட்டவர், பிரசவத்தில் இறந்தவர், கலியாணம் ஆகாமல் செத்தவர் ஆகியோரே திரும்பி வருகிறார்கள். ஆக, பேய் என்பது தீர்க்கப்படாத வழக்கு.

தென்மாவட்ட வில்லுப்பாட்டில் கதைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் ஆய்வு மரபு உண்டு. ஒன்று பிறப்புக் கதை. கைலாயத்தில் பிறந்து பூமிக்கு இறங்கிய தெய்வங்களுக்கு உரியது. மற்றது இறப்புக் கதை. மண்ணில் பிறந்து, அநியாயமாகச் செத்து, அதனால் தெய்வமானவர்களுக்கு உரியது. கொடையன்று சாமியாடிக்கு அருள் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக் கதையில் சாவு பாடப்படும் நேரத்தில்தான். கொலை நடந்த விதத்தை ஊர் கூடியிருந்து வரி விடாமல் கேட்கிறது. நீதிமன்றம் ஏறாத வழக்குக்கு வில்லுப்பாட்டு மேடையில் சாட்சி சொல்லப்படுகிறது.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். பிராமணனான பட்டன், சக்கிலியரான வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விரும்புகிறான். அதற்காகப் பூணூலை அறுக்கிறான், தோல் பதப்படுத்தவும் செருப்புத் தைக்கவும் கற்கிறான். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போன இடத்தில் மாடு கவர வந்தவர்களால் கொல்லப்படுகிறான். பெண்கள் இருவரும் அவனோடு எரிகிறார்கள். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் பட்டவராயனுக்குத் தோல் செருப்பு காணிக்கையாக வருகிறது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பொருள் சன்னிதியில் தொங்குகிறது.

ஆனால் கதையோடு கூடவே ஒரு திருத்தமும் வந்துவிட்டது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று சில வடிவங்கள் சொல்லும். கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை இந்தத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். மதுரை வீரனுக்கும் இதுதான் நடந்தது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்த வீரன் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தின் அருகே தெய்வமாக இருக்கிறான். அச்சுப் பிரதிகளிலோ அவன் காசி ராஜாவின் மகன், சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் மட்டுமே. 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் இந்த ராஜ பிறப்பைக் கைவிடவில்லை.

இந்தத் திருத்தம் செய்கிற வேலையைக் கவனிக்க வேண்டும். கொலை அப்படியே இருக்கிறது, கொலைக்கான காரணம் கழுவப்படுகிறது. சாதியை மீறியதால் கொல்லப்பட்டான் என்பது போய், சாதி தெரியாமல் நடந்த பிழை என்று ஆகிறது. செத்தவரைக் கும்பிடுகிற ஊர், அவர் எதற்காகச் செத்தார் என்பதை மறக்க வழி தேடிக்கொள்கிறது. படையலுக்குப் பின்னால் அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்துக்குப் பின்னால் குற்றவுணர்வு இருக்கலாம். ஆனால் படையல் போட்ட கை கூலியை உயர்த்தியதில்லை.

2. பங்களா யாருடையது?

இனி கட்டடத்துக்கு வருவோம். வெகுசனப் பேய்க் கதைக்கு ஒரு பெரிய வீடு தேவை. ஜமீன் அரண்மனை, வெள்ளைக்காரன் பங்களா, மலைத்தோட்டத்து மாளிகை என்று ஏதோ ஒன்று. ‘சந்திரமுகி’யில் (2005) வேட்டையபுரம் அரண்மனை. அங்கே அலைவது, ஜமீன் தூக்கிவந்த நாட்டியக்காரி. அவளுடைய காதலனை வெட்டி, அவளையும் உயிரோடு எரித்தவன் வீட்டுக்காரன். படம் முடியும்போது மனநல மருத்துவர் வந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். வேட்டையனை எரிப்பதாக நம்ப வைத்து, அவனுக்குப் பதில் பொம்மையை எரியவிட்டு அவளை அனுப்பிவிடுகிறார்கள். வீடு வீட்டுக்காரர்களிடமே இருக்கிறது. எரிக்கப்பட்ட பெண்ணுக்குக் கிடைத்த நீதி ஒரு பொம்மை.

பெரும்பாலான பேய்ப் படங்களின் இலக்கணம் இதுதான். பேயோட்டுதல் எப்போதும் பட்டா வைத்திருப்பவர் சார்பில் நடக்கிறது. ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’ (2011) இதிலிருந்து ஓரளவு விலகுகிறது. அங்கே கொல்லப்பட்டவர் ஒரு திருநங்கை, கொலைக்குக் காரணம் நிலம். பேய் கேட்பதும் அந்த நிலத்துக்கான கணக்கை. அதன் நகைச்சுவையிலும் அலங்காரத்திலும் நமக்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆனாலும் அந்தப் பேயை விரட்டுவதைவிட அதற்கு உடம்பைக் கடன் கொடுப்பதே நியாயம் என்று கதாநாயகன் முடிவெடுத்தபோது திரையரங்கம் கை தட்டியது. அந்தக் கைதட்டலைச் சமூகவியல் குறித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இது தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஜார்ஜியாவின் சவானா நகரில் சோரல் வீடு என்ற மாளிகையைக் காட்டி இரவுச் சுற்றுலா நடத்துகிறார்கள். எஜமானனோடு தொடர்பிருந்த மாலி என்ற அடிமைப் பெண் தூக்கில் தொங்கினாள், அவள் ஆவி உலவுகிறது என்பது கதை. வரலாற்றாசிரியர் டையா மைல்ஸ் இதைத் தேடிப் போனார். மாலி என்ற பெண் அங்கே வாழ்ந்ததற்கான ஆவணம் அவருக்குக் கிடைக்கவில்லை. 2015-இல் வெளிவந்த அவருடைய நூல் இதை விளக்குகிறது. அடிமைமுறை அந்த வீட்டில் இருந்தது உண்மை. அங்கே உழைத்தவர்கள் உண்மை. அவர்களுடைய வாழ்வைச் சொல்லாமல், கிளர்ச்சியூட்டும் ஒரு சாவை மட்டும் டிக்கெட் போட்டு விற்கிறார்கள். பேய்க் கதை வரலாற்றை நினைவூட்டவும் செய்யும், வரலாற்றின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அதை மறைக்கவும் செய்யும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் கலைஞர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அடிமை வேட்டைக்காரர்களிடம் மகளை ஒப்படைப்பதைவிடக் கொல்வது மேல் என்று 1856-இல் முடிவெடுத்த மார்கரெட் கார்னர் என்ற தாயின் வழக்கிலிருந்து டோனி மோரிசன் ‘பிலவட்’ (1987) நாவலை எழுதினார். அதில் பேய் வந்து சேர்வது எஜமானனின் மாளிகைக்கு அல்ல, தப்பிவந்த தாயின் வீட்டுக்கு. 2014-இல் காரா வாக்கர், நியூயார்க்கின் புரூக்ளினில் மூடிக் கிடந்த சர்க்கரை ஆலைக்குள் கறுப்புப் பெண்ணின் முகம்கொண்ட மிகப் பெரிய சிங்க உருவத்தை வெள்ளைச் சர்க்கரை பூசி நிறுத்தினார். சுற்றிலும் கூடை சுமக்கும் சிறுவர் உருவங்களைப் பாகு கலந்து செய்து வைத்தார். நாள் ஆக ஆக அவை உருகி ஒழுகின. பேய் என்ற சொல் அங்கே தேவைப்படவில்லை. கட்டடம் யாருடைய உழைப்பில் நின்றது என்பது தரையில் ஒழுகிக் கிடந்தது.

3. குடிசையில் ஏன் பேய் இல்லை?

இப்போது நம் பக்கம் திரும்பி ஒன்றைக் கேட்போம். சேரியில் பேய் பங்களா உண்டா? இல்லை. பேய் உலவ வேண்டுமானால் கட்டடம் நிற்க வேண்டும். நூறு ஆண்டு நின்ற சுவர் வேண்டும், பூட்டிய அறை வேண்டும். நம் மக்களுடைய வீடுகள் ஓலைக் குடிசைகள். அவை எரிக்கப்பட்டன. எரிந்த இடத்தில் மறுபடி ஓலை வேய்ந்தோம், அல்லது ஊரைவிட்டே கிளம்பினோம். அதனால் நம்முடைய இறந்தவர்களுக்குப் புளியமரமும் பாழுங்கிணறும் தண்டவாளமும் ஓடைக்கரையும்தான் கிடைத்தன. அவையும் புறம்போக்கு.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கேட்டது கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல். அந்தக் குடிசை பேய் வீடாக நிற்கவில்லை. அந்தச் சாவு எந்தக் கதைசொல்லிக்கும் இலவசமாகக் கிடைக்கும் திகிலாக மாறவில்லை. அது நினைவுச் சின்னமாக ஆனது, ஆண்டுதோறும் கூடும் நாளாக ஆனது, பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படமாக ஆனது. இயக்கம் இருந்த இடத்தில் இறந்தவர்கள் பெயரோடும் எண்ணிக்கையோடும் நிற்கிறார்கள். இயக்கம் இல்லாத இடத்தில் அவர்கள் வதந்தியாகிறார்கள். ‘வயிற்று வலி தாங்காமல் செத்தாள்’ என்று எழுதி மூடப்பட்ட பெண், சில ஆண்டுகளில் அதே கிணற்றின் பேயாகிறாள். உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் போகாதே என்று அடுத்த தலைமுறைப் பெண்களுக்குச் சொல்லப்படுகிறது. அவளைக் கொன்ற சட்டமே பேயின் குரலில் மறுபடி அமலாகிறது.

இந்த இடத்தில்தான் மாரி செல்வராஜின் படங்கள் முக்கியமாகின்றன. ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் தண்டவாளத்தில் கட்டிக் கொல்லப்பட்ட கருப்பி என்ற நாய், பின்னர் பரியனை அதே தண்டவாளத்திலிருந்து எழுப்ப வருகிறது. ‘கர்ணன்’ (2021) படத்தில் பேருந்து நிற்காத சாலையில் வலிப்பு வந்து செத்த சிறுமி, முகமூடி அணிந்த தெய்வமாக ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவர்களை ஓட்டுவதற்கு யாரும் பூசாரியை அழைக்கவில்லை. இவர்களுக்கு அஞ்சுவதும் இல்லை. நம் வீடுகளில் செத்த பெண்ணைக் கன்னியாக வைத்துச் சேலை படைக்கிறோமே, அந்த உறவுதான் இது. பேய் என்ற சொல்லே வெளியில் நிற்பவருடையது. உள்ளே இருப்பவர்களுக்கு அவள் மகள், அக்கா, தங்கை.

4. தேடிப் போகிறவர்களுக்கு

ஆகவே உள்ளூர்ப் பேய்க் கதையைக் கையில் எடுக்கும் இளம் எழுத்தாளர்கள், கலைஞர்கள் முன்னால் மூன்று கேள்விகளை வைக்கிறோம். செத்தவர் யார், அவர் பெயர் என்ன? அஞ்சுகிறவர் யார், அந்த அச்சத்தால் ஆதாயம் அடைகிறவர் யார்? கட்டடமும் நிலமும் இன்று யார் பெயரில் இருக்கின்றன? முதல் கேள்விக்குக் கிழவிகளிடம் உட்கார வேண்டும். இரண்டாவதற்கு ஊரில் இரண்டு தெருவிலும் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒரே பேய்க்கு ஊரில் ஒரு கதையும் சேரியில் வேறொரு கதையும் இருக்கும். மூன்றாவதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடமும் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் நடையாய் நடக்க வேண்டும்.

ஆவணம் கிடைக்காத இடத்தில் கற்பனை செய்யலாம். ஆனால் கற்பனை என்று சொல்லிச் செய்யுங்கள். மாலிக்கு நடந்தது நம் பெண்களுக்கும் நடக்க வேண்டாம். திகிலுக்காக ஒரு தலித் பெண்ணை இன்னொரு முறை தொங்கவிட வேண்டாம். அவள் எந்த வயலில் நட்டாள், என்ன பாட்டுப் பாடினாள், எவ்வளவு கூலி பாக்கி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒவ்வொரு ஊரிலும் இருட்டிய பிறகு ஆள் போகாத இடம் ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு இந்த நாளுக்குள், நம் அமைப்பின் ஒவ்வொரு கிளையும் அப்படி ஒரு இடத்தையாவது பகலில் போய்ப் பார்த்து, அங்கே செத்தவரின் பெயரை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.