மாற்று அங்கமும் மாறாத மனமும்

1998-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பிரஞ்சு தேசத்து லியோன் நகரில் ஓர் அற்புதம் நிகழ்ந்தது. விபத்தில் கையை இழந்திருந்த நியூஜிலாந்துக்காரர் ஒருவருக்கு, இறந்துபோன இன்னொருவருடைய கையை எடுத்து ஸர்ஜன்கள் பொருத்தினார்கள். விரல்கள் அசைந்தன. உலகமெங்கும் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் இரண்டரை வருஷம் ஆவதற்குள் அதே மனிதர் அந்தக் கையை எடுத்துவிடும்படி வேண்டிக் கொண்டார். 2001-ல் லண்டனில் அதை எடுத்தும் விட்டார்கள்.

ரண சிகிச்சையில் பிசகு இல்லை. தினந்தோறும் சாப்பிட வேண்டிய மருந்தை அவர் நிறுத்திவிட்டார். அந்தக் கையைத் தம்முடையதாக அவருடைய மனம் கடைசி வரையில் ஏற்கவே இல்லை.

நம்முடைய தேகம் அந்நியப் பொருளை எளிதில் அநுமதிப்பதில்லை. சிறுநீரகமானாலும், ஈரலானாலும், இருதயமானாலும் சரி, பிறர் அங்கம் உள்ளே வந்தால் எதிர்த்துப் போராடும். அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்தைப் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டும். ஆகையினால்தான் கத்தியை எடுப்பதற்கு முன்னால் மனோவைத்தியரும் சமூக சேவகரும் நோயாளியிடம் வந்து உட்காருகிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 2012-ல் வெளியிட்ட மதிப்பீட்டு முறையில் பதினெட்டு அம்சங்கள் இருக்கின்றன. வியாதியைப் பற்றி என்ன தெரியும்? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடும் வழக்கம் உண்டா? மனச்சோர்வு உண்டா? குடி உண்டா? வீட்டில் யார் பார்த்துக் கொள்வார்கள்?

இந்தக் கேள்விகளைக் கேட்டதும் நோயாளிக்கு ஏற்படும் பயத்தை நாம் ஊகிக்கலாம். பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவதுபோல், நல்லதை மட்டும் சொல்லுகிறார். தூக்கமில்லாமல் இரவெல்லாம் விழித்திருப்பவர், "எனக்கென்ன குறை?" என்று சிரிக்கிறார். உண்மையைச் சொன்னால் ஜாபிதாவிலிருந்து பெயரை அடித்துவிடுவார்களோ என்ற கவலைதான் காரணம்.

அந்தக் கவலை வீண் கவலை என்று சொல்லிவிட முடியாது. 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டாக்டர் ஸ்க்ரிப்னர் கண்டுபிடித்த குழாயின் உதவியால், இயந்திரத்தைக் கொண்டு திரும்பத் திரும்ப இரத்தத்தைச் சுத்தம் செய்து, சிறுநீரகம் கெட்டவர்களைப் பிழைக்க வைப்பது சாத்தியமாயிற்று. இயந்திரங்களோ சில, நோயாளிகளோ பலர். யாருக்கு இடம் என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட கமிட்டி ஒன்றை நியமித்தார்கள். பாதிரியார், வக்கீல், பாங்கிக்காரர், குடும்ப ஸ்திரீ எல்லோரும் அதில் இருந்தார்கள். வைத்தியர்கள் முதலில் சலித்தெடுத்த பிறகு, இவர்கள் நோயாளியின் வயது, வருமானம், குழந்தைகளின் எண்ணிக்கை, படிப்பு முதலியவற்றை எடை போட்டார்கள். 1962-ல் 'லைப்' பத்திரிகை இதை வெளியிட்டதும் பெரும் கண்டனம் எழுந்தது. மாதா கோவிலுக்குப் போகிறவனுடைய இரத்தம் போகாதவனுடைய இரத்தத்தைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? 1972-ல் அமெரிக்க சர்க்கார் செலவை ஏற்கும் சட்டம் வந்த பிறகுதான் இந்தத் தராசுக்கு வேலை குறைந்தது.

மருந்தைச் சாப்பிடுவானா என்று கேட்பது வேறு. உயிர் வாழ யோக்கியனா என்று கேட்பது வேறு. இரண்டும் எவ்வளவு சுலபமாகக் கலந்துவிடுகின்றன என்பதற்குக் குடியினால் ஈரல் கெட்டவர்களின் விஷயமே சாட்சி. ஆறு மாதம் குடியாமல் இருந்து காட்டினால்தான் மாற்று ஈரல் என்று பல ஆஸ்பத்திரிகள் விதி வைத்திருந்தன. ஈரல் தானாகவே தேறவும் அவகாசம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் கடும் அழற்சி கண்டவர்களில் பலர் ஆறு மாதம் உயிரோடு இருப்பதே இல்லை! பிரான்ஸ், பெல்ஜியம் வைத்தியர்கள் இத்தகைய 26 பேரை, குடும்ப ஆதரவையும் மன உறுதியையும் நன்கு விசாரித்துப் பொறுக்கி, காத்திராமலே மாற்று ஈரல் பொருத்தினார்கள். 2011-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, ஆறு மாதம் கழித்து நூற்றுக்கு 77 பேர் வீதம் பிழைத்திருந்தார்கள். மாற்று ஈரல் பெறாத அதே நிலையினரில் நூற்றுக்கு 23 பேர்தான். பின்னால் குடிக்குத் திரும்பியவர்கள் மூவர்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, "யாரும் இல்லை" என்று பதில் சொல்லுகிறவர்களும் உண்டு. அதை அவருக்கு விரோதமாகக் குறித்துக்கொண்டு எழுந்து போவது சுலபம். நல்ல சமூக சேவகர் எழுந்து போவதில்லை. தூரத்து உறவினர் உண்டா, பழைய சிநேகிதர் உண்டா, அடுத்த வீட்டுக்காரர் மருந்து வேளையை நினைவூட்டுவாரா என்று கேட்டுக்கொண்டே இன்னும் சிறிது நேரம் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.